மாரிக்கு முன் இறங்குதுறையைத் திருத்தி வைப்பது: வன்னிக் கரைச் சங்கங்களுக்கான கைநூல்

நாயாறு, கொக்கிளாய், வட்டுவாகல் போன்ற களப்பு வாய்களில் படகு கட்டும் பொதுத் துறையொன்றை நடத்தும் கடற்றொழிலாளர் சங்கம், புதுக் கட்டடம் கேட்டு மனு எழுத முதல் செய்து முடிக்கவேண்டிய வேலைகள் இவை. துறைகளைப் புயல் அழிக்கிறது என்று சொல்கிறோம். கடல் படுத்துக் கிடந்த மாதங்களில் இறுக்காமல் விட்ட நட்டும் தூக்கிப் பார்க்காத சங்கிலியும்தான் கார்த்திகையில் படகைக் கொண்டுபோகின்றன. முல்லைத்தீவுப் பக்கம் வைகாசி தொடங்கி ஆவணி முடிவதற்குள் பெரிய திருத்த வேலைகள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினால் நாள் போதும்.

முதல் வேலை ஆள் வைப்பது. துறைக்கு ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கவேண்டும். அவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் பலகையில் தெரியவேண்டும். குழுவாகப் பார்ப்போம் என்று விட்ட துறைகளில் ஒருவரும் பார்ப்பதில்லை. அவர் கையில் இரண்டு கொப்பி. ஒன்றில் படகின் பதிவிலக்கம், நீளம், எஞ்சினின் குதிரைவலு, உரிமையாளரின் தொலைபேசி, கட்டும் இடம். மற்றதில் படகு போன நேரம், ஆட்கள் எத்தனை பேர், திரும்பிய நேரம். பருவத்துக்கு வெளியிலிருந்து வரும் படகுகளையும் அதே கொப்பியில் பதிந்து, அதே கட்டணத்தை எடுத்து, பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். இடத்தகராறு பாதிக்கு மேல் எழுத்தில் இல்லாத இடத்தில்தான் தொடங்குகிறது. கட்டணப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். சங்கத்தின் மற்றச் செலவுகளோடு கலந்தால் சங்கிலி வாங்கும் நேரத்தில் காசு இருக்காது.

அடிக்கல்லும் சங்கிலியும்

நடுநீரில் படகு கட்டுவதற்குக் கொங்கிரீட் அடிக்கல் இறக்குபவர்கள் வழமையாக விடும் பிழை ஒன்று உண்டு. தண்ணீருக்குள் கொங்கிரீட் தன் எடையில் ஐந்தில் இரண்டுக்கும் மேல் இழந்துவிடும். கரையில் 100 கிலோ இருந்த கல் கடலடியில் ஏறக்குறைய 57 கிலோதான். இரும்பு எட்டில் ஒரு பங்குதான் இழக்கும். ஆகவே 19 அடிப் பிளாஸ்டிக் படகொன்றுக்கு 300 கிலோவுக்குக் குறைந்த கல்லை நம்பவேண்டாம். கல்லின் அடிப்பக்கத்தைக் குழிவாக வார்த்தால் சேற்றில் பிடித்துக்கொள்ளும். தட்டையாக வார்த்தால் வழுக்கும்.

சங்கிலியின் நீளம் சாதாரண ஆழத்துக்கு அல்ல, மாரி வெள்ளம் ஏறிய ஆழத்துக்குக் கணக்கிடவேண்டும். வெள்ளத்தில் 3 மீற்றர் வருமென்றால் 9 மீற்றர். அடியில் கிடக்கும் பகுதிக்கு 16 மில்லிமீற்றர், மேலே மிதவைக்கு வரும் பகுதிக்கு 10 அல்லது 12 மில்லிமீற்றர், இடையில் ஒரு சுழல் வளையம். வளையம் இல்லாவிட்டால் படகு காற்றோடு சுற்றச் சுற்றச் சங்கிலி முறுகி நீளம் குறையும். சங்கிலியைத் தொடுக்கும் சக்கிள் வளையங்களின் ஊசிகளைக் கல்வனைஸ் கம்பியால் கட்டிவிடுங்கள். செப்புக் கம்பியோ எவர்சில்வர் கம்பியோ பாவித்தால், உலோகம் மாறுவதால் உப்புத்தண்ணீரில் கல்வனைஸ் பூச்சு விரைவாக அரிந்துபோகும்.

வருடத்துக்கு ஒருமுறை முழுச் சங்கிலியையும் மேலே எடுக்கவேண்டும். மேற்பகுதியை மட்டும் பார்த்து நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. மண்ணில் கிடக்கும் சங்கிலி அலையோடு எழும்பி விழும் இடம் ஒன்று இருக்கும். மணல் அங்கே அரம் மாதிரி வேலை செய்யும். அந்த இடத்துக் கண்ணிகளைச் சுரண்டி, ஒரு கண்ணி மற்றதில் தொடும் உட்பக்கத்தை வேர்னியர் அளவுகோலால் அளவிடுங்கள். 12 மில்லிமீற்றர் கம்பி 9க்கு வந்துவிட்டால் சங்கிலியை மாற்றுங்கள். வெளிப்பக்கம் முழுசாகத் தெரியும் கண்ணி உள்ளே பாதியாகத் தேய்ந்திருப்பது வழமை.

ஜெற்றியின் மேல்

கிழமைக்கு ஒருமுறை பொறுப்பாளர் ஒரு கிலோச் சுத்தியலும் ஸ்பானரும் சோக்கும் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும். படகு கட்டும் குற்றிகளின் நட்டுகளைக் கையால் ஆட்டிப் பார்க்கவேண்டும். கண்ணுக்கு இறுக்கமாகத் தெரிவது போதாது. அணைப்புக்குத் தொங்கவிடும் பழைய ரயர்களின் அடியில் இரண்டு சென்ரிமீற்றர்த் துளை மூன்று நான்கு போடுங்கள். துளையில்லாத ரயரில் மழைத்தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். ஊரில் டெங்கு வந்தால் அதில் துறைக்கும் பங்கிருக்கும். ரயரைக் கம்பியால் கட்டவேண்டாம், கறள் ஏறிய முனை படகின் பக்கத்தைக் கீறும். கயிறு போதும்.

கட்டும் கயிறு நைலோனாக இருக்கட்டும், 12 முதல் 14 மில்லிமீற்றர். அது இழுபடும்போது நீண்டு கொடுக்கும். பொலிப்புரொப்பலீன் மலிவு, ஆனால் வெயிலில் உக்கும்; மிதப்பதால் எஞ்சின் விசிறியிலும் சுற்றும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றைக் கோத்துவிட்டால் கயிறு பல மடங்கு நாள் நிற்கும்.

கொங்கிரீட்டைத் தட்டும்போது காதைக் கொடுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். உள்ளே கம்பி கறளேறி வீங்கிப் பிரிந்த இடம் வெறும் பெட்டியைத் தட்டியதுபோல் மொத்தென்று கேட்கும். அதைச் சோக்கால் சுற்றிக் கீறுங்கள். அலை தெறித்து நனைந்து காயும் பட்டைதான் முதலில் கெடும். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் அடித்தூண் அவ்வளவு விரைவில் கெடாது, அங்கே ஒட்சிசன் குறைவு.

திருத்தும் முறையில் குறுக்குவழி எடுத்தால் ஒரே மாரியில் பூச்சு பலகையாகக் கழன்று விழும். கறள் முடிந்து சுத்தமான கம்பி தெரியும்வரை இரு பக்கமும் உடைத்துப் போங்கள். கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவு, 20 முதல் 25 மில்லிமீற்றர், இடைவெளி எடுக்கவேண்டும். இந்த இடத்தைத்தான் மேசன்மார் விட்டுவிடுகிறார்கள். பின்பக்கத்து உப்பு அப்படியே இருக்க, கறள் திரும்பவும் தொடங்கும். கம்பித் தூரிகையால் கம்பி மினுங்கும்வரை தேய்த்து, கிணற்றுத் தண்ணீரால் பல தடவை கழுவி, காய்ந்தபின் நாகப் (துத்தநாகப்) பூச்சு அடித்து, திருத்தச் சாந்தை அடுக்கடுக்காக அழுத்திப் போடுங்கள். கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றர் மூடல் வேண்டும். ஆற்றுமணல் மட்டும் பாவியுங்கள். களப்புத் தண்ணீரில் சீமெந்து குழைத்தால் நீங்களே உள்ளே உப்பு வைத்துப் பூசுகிறீர்கள். ஏழு நாளைக்கு ஈரச்சாக்குப் போட்டு நனைத்தபடி இருக்கவேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் அரிந்திருந்தால் சங்கம் தொடவேண்டாம், பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

எண்ணெய்

மண்ணெண்ணெய், பெற்றோல் கலன்களை ஜெற்றியில் வைக்கக்கூடாது. கரையில் நிழலான இடத்தில், சீமெந்துக் கட்டு எழுப்பிய தளத்தில் வையுங்கள். மிகப் பெரிய கலன் முழுதாக வடிந்தாலும் கட்டுக்குள் நிற்கவேண்டும். அதற்கு மேல் பத்து வீதம் கூடுதலாகக் கொள்ளளவு விடுங்கள். பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பான் ஒன்றும் இரண்டு வாளி மணலும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். சிந்தியதைத் தும்பாலும் சாக்காலும் ஒற்றி எடுங்கள். சவர்க்காரம் ஊற்றினால் படலம் கண்ணுக்கு மறையுமே தவிர எண்ணெய் தண்ணீருக்குள் இறங்கும். இறாலும் நண்டும் வளரும் களப்பில் அது கூடாத வேலை. பழைய எஞ்சின் ஒயிலுக்கும் கியர் ஒயிலுக்கும் மூடியுள்ள பீப்பாய் ஒன்று வைத்து, நிறைந்ததும் எடுப்பவரிடம் கொடுங்கள். அறுந்த வலைத்துண்டுகளுக்கு வேறு தொட்டி.

முகத்துவாரமும் புயலும்

களப்பு வாயில் மணல் நகரும், ஆகவே போன வருட ஆழத்தை நம்பமுடியாது. ஈயக்குண்டு கட்டி அரை மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு போதும். மாதம் ஒருமுறை ஒரே நேர்கோட்டில் ஐந்து மீற்றருக்கு ஒரு தடவை இறக்கி, தேதியோடு கொப்பியில் எழுதுங்கள். ஆழம் குறையும் இடத்துக்கு உடனே அடையாளக் கம்பு நடவேண்டும். கம்புக்குக் கண்டலை வெட்டாதீர்கள். கரையைப் பிடித்துவைத்திருப்பது அதுதான்.

மாரியில் மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும் நாளை பிரதேச செயலகத்தில் கேட்டு முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். வாய் திறந்ததும் களப்பு மட்டம் சில மணித்தியாலத்தில் இறங்கும். நிறைந்த மட்டத்தில் குட்டையாகக் கட்டிய படகு தூணில் தொங்கிப்போகும், அல்லது ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் குடிக்கும். இழுவையும் கடல் பக்கம் பலமாக இருக்கும். முதல் நாளே கயிறுகளை நீட்டி, வாய்க்கு நேரே நிற்கும் படகுகளை உள்ளே எடுத்துவிடுங்கள்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை கடந்தது. இப்படியான புயலுக்கு வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுத்ததும் எஞ்சினையும் தாங்கியையும் கழற்றி மேட்டுக்கு ஏற்றுங்கள். படகை மணல்மேட்டுக்கு அப்பால் இழுத்து, அடியில் உள்ள வடிகால் மூடியைக் கழற்றிவிடுங்கள். 19 அடிப் படகொன்றில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அரைத் தொன்னுக்கு மேல் தண்ணீர் சேரும். மூடியோடு விட்ட படகு அந்தப் பாரத்தில் பிளக்கும். கழற்றிய மூடியை எஞ்சினிலேயே கட்டிவையுங்கள், மறந்து கடலுக்கு இறக்க முடியாது. நீரில் விடவேண்டிய படகுகள் காற்றுக்கு முகம் கொடுத்து, இரட்டைக் கயிற்றில் நிற்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் பலகையில் இருக்கவேண்டும்.

ஜெற்றியை நீட்டுவது, கல் கொட்டுவது, தோண்டுவது எதுவானாலும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி முதலில் வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம் நிலப்பக்கம் 300 மீற்றர், கடற்பக்கம் 2 கிலோமீற்றர்; கடலோடு தொடுக்கும் களப்பானால் உட்பக்கமும் 2 கிலோமீற்றர் வரை போகும்.

மன்னார்ப் பக்கத்தவர்களுக்கு நாட்காட்டி மாறும். பள்ளிமுனையிலும் விடத்தல்தீவிலும் வைகாசி தொடங்கிச் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும். ஆகவே சங்கிலி எடுப்பதையும் கொங்கிரீட் வேலையையும் மாசி, பங்குனியில் முடியுங்கள்.