ஆற்றோர ஆலையூரின் பழைய கணக்கைத் தண்ணீரை வைத்துப் போடுவது எப்படி

பழைய ஆலையூருக்குப் போகிறவர்கள் முதலில் புகைபோக்கியைத்தான் படம் எடுப்பார்கள். பல ஊர்களில் அது பிற்பாடு வந்து சேர்ந்தது. ஆலை ஏன் அந்த இடத்தில் வந்தது, எவ்வளவு வளர முடிந்தது என்பதெல்லாம் ஆற்றின் இறக்கத்தில் இருக்கிறது. ஆகவே தடுப்பணையில் தொடங்கி, தண்ணீர் போன வழியிலேயே நடங்கள்.

அணையின் ஒரு கரையில் மதகு இருக்கும். மதகு போயிருந்தாலும் ஷட்டர் ஏறி இறங்கிய காடி கல்லில் தெரியும். அங்கிருந்து வாய்க்கால் ஏறக்குறைய மட்டமாகவே ஓட, ஆறு மட்டும் இறங்கிக்கொண்டே போகும். இப்படிச் சேரும் உயர வித்தியாசம்தான் ஆலையின் மூலதனம்.

இதை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் குழாய்) வைத்தே அளக்கலாம். குழாயில் காற்றுக்குமிழி நின்றால் அளவு பிசகும். ஆலையை ஓட்டிய நீர்ச்சக்கரத்துக்கு மேலே வாய்க்கால் நீர்மட்டம் ஒன்று, கீழே வெளியேறும் கால்வாயின் நீர்மட்டம் ஒன்று, இரண்டையும் எடுங்கள். அணையின் உயரத்தை மட்டும் அளந்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கும் தவறு. அணைக்கும் ஆலைக்கும் நடுவே ஆறு இறங்கியது அதில் வராது.

வாய்க்கால் வறண்டிருந்தால் வண்டலைத் தோண்டிப் பழைய தளத்தைக் கண்டுபிடித்த பிறகே ஆழம் அளக்க வேண்டும். அகலம் 3 மீட்டர், ஆழம் 0.8 மீட்டர் என்று வையுங்கள். வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று உத்தேசமாகப் போட்டால், நொடிக்கு 1.2 கன மீட்டர் தண்ணீர்.

அடுத்தது சக்கரக்குழி. தனியாக இறங்க வேண்டாம். பக்கச் சுவரில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால், சக்கரம் உரசிய வளைந்த கீறல்கள் எழும்பித் தெரியும். ஒரு கீறலின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நேராக 2 மீட்டர் நூல் கட்டுங்கள். நூலின் நடுவிலிருந்து கீறல் 24 செ.மீ. தள்ளியிருந்தால், நூல் நீளத்தின் வர்க்கத்தை இடைவெளியின் 8 மடங்கால் வகுத்து, இடைவெளியில் பாதியைக் கூட்டுங்கள். ஆரம் 2.2 மீட்டர், விட்டம் 4.4. முன்பு அளந்த இரண்டு நீர்மட்டங்களின் வித்தியாசம், அதாவது நீர் இறக்கம், 4.8 மீட்டர் என்றால் அது மேலிருந்து தண்ணீர் விழுந்த சக்கரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விட்டம் இறக்கத்தைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால், தண்ணீர் நடுவிலோ அடியிலோ பட்டிருக்கும். இந்த வித்தியாசம் சின்னதல்ல: ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதித்து 1759-இல் வெளியிட்ட முடிவுகளில், மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் மோதும் தண்ணீரைப் போல சுமார் இரண்டு மடங்கு வேலை செய்தது.

இனி புவியீர்ப்பு எண், நொடிக்கு வரும் தண்ணீர், இறக்கம் மூன்றின் பெருக்கல்தான்: 9.8 × 1.2 × 4.8 = 56 கிலோவாட். மேல்விழு சக்கரத்தில் இதில் 65 சதவீதம் வேலையாக மாறும் என்று எடுத்தால் சுமார் 37 கிலோவாட், அதாவது 49 குதிரைத்திறன். கட்டடத்தில் இருந்த இயந்திரங்களுக்கு இது போதாது என்று தெரிந்தால், புகைபோக்கியின் காரணம் கிடைத்துவிட்டது. நீராவி வந்ததும் சக்கரம் நின்றது என்று உடனே எழுதிவிடாதீர்கள். கோடையில் ஆறு வற்றும்போதும், வெள்ளத்தில் கீழ்க்கால்வாய் நீர் ஏறிச் சக்கரத்தை மூழ்கடிக்கும்போதும் மட்டும் கொதிகலன் எரித்த ஆலைகள் உண்டு.

கட்டடத்தின் வயதைத் தூண்களில் பாருங்கள். மரச்சட்டம் என்பதாலேயே பழையது என்று முடிவுகட்ட முடியாது. வார்ப்பிரும்புச் சட்டமோ பெரும்பாலும் தீ விபத்தின் பாடம்: இங்கிலாந்தின் பெல்பரில் வடக்கு ஆலை 1803-இல் எரிந்தது, 1804-இல் இரும்புச் சட்டத்தோடு எழுந்தது.

கடைசியாகப் பத்திரங்கள். நிலத்தோடு தண்ணீரும் அளந்து விற்கப்பட்டிருக்கும். அமெரிக்காவின் லோவெல் நகரில் 30 அடி இறக்கத்தில் நொடிக்கு 25 கன அடி தண்ணீர் என்பது ஒரு ‘மில் பவர்’ என்ற அளவாக இருந்தது. பத்திரத்தில் இப்படி ஓர் அளவு கிடைத்தால், வாய்க்காலில் நீங்கள் போட்ட கணக்கை அதோடு ஒட்டிப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் முதலில் வண்டல் ஆழத்தைச் சந்தேகியுங்கள்.