முனி சிலைக்கு உக்கிரம் ஏற்ற

கொங்கு நாட்டு அண்ணமார் கோயில்களில் இருக்கும் முனி சிலையை உச்சி வெயிலில் படம் எடுத்தால், பெயின்ட் பளபளத்து, உருட்டி விழிக்கும் கண்கூடப் பொம்மைக் கண்ணாகத்தான் தெரியும். உக்கிரம் வேண்டுமா? படத்தைத் திருத்தும் ஸ்னாப்சீட் செயலியில் டியூன் இமேஜ் போய் ஹைலைட்ஸைக் குறையுங்கள், பளபளப்பு அடங்கும். அப்புறம் சாச்சுரேஷனையும் (நிற அடர்த்தி) கொஞ்சம் இறக்குங்கள். கறுப்பு வெள்ளை மட்டும் வேண்டாம். அந்தச் சிவப்பும் மஞ்சளும் போய்விட்டால் முனிக்கு என்ன மிச்சம்?

முக்கிய வேலை, ஒரு இடத்தை மட்டும் மாற்றும் செலக்டிவ் கருவியில்தான். கண்ணைத் தொட்டுப் புள்ளி வைத்து, இரண்டு விரலால் கிள்ளி, வட்டத்தைக் கண்ணளவுக்குச் சுருக்குங்கள். பிரைட்னஸை லேசாக ஏற்றுங்கள். அரிவாள் முனைக்கும் இதே வைத்தியம். முகம் முழுக்கச் செய்தால் டார்ச் அடித்த மாதிரி ஆகிவிடும். கடைசியில் விக்னெட் போட்டு ஓரங்களை இருட்டாக்குங்கள், பின்னால் நிறுத்திய பைக்கும் சேர்ந்து மங்கிவிடும்.