புதுச்சேரி ஓட்டல் வேலைக்குப் புதுசா? 'குடி' ஆங்கிலத்தைப் படிப்படியாகப் பழகலாம்

ஒயிட் டவுன் கஃபேக்களிலும் விருந்தினர் இல்லங்களிலும் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மெனு கார்டு சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும். அவர்கள் திணறுவது மெனுவில் இல்லாத சொற்களில்தான். லண்டன்காரர் ஒன்று சொல்வார், சிட்னிக்காரர் வேறு சொல்வார், பெங்களூரிலிருந்து வார விடுமுறைக்கு வரும் கூட்டம் எல்லாவற்றையும் கலந்து சொல்லும். குடிக்காத ஆளுக்கும் இந்தச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். பரிமாறுகிறவருக்குத் தேவை காது, தொண்டை அல்ல.

படி 1: நம்மூர் ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்கள்

சரக்கு சம்பந்தமாக நமக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட ஆங்கிலச் சொற்கள் தெரியும். தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

'ராவா அடிக்கிறார்' என்போம். வெளிநாட்டவரிடம் 'ரா விஸ்கி' என்றால் விழிப்பார். அவருக்கு 'ரா' என்பது வேகாத கறி, பச்சை மீன். தண்ணீர், சோடா, ஐஸ் எதுவும் சேர்க்காமல் குடிப்பதற்கு 'நீட்' என்று சொல்லுங்கள்.

'ஹாட் ட்ரிங்க்ஸ்' என்றால் நமக்குப் பிராந்தி, விஸ்கி, ரம். இங்கிலாந்துக்காரருக்கு டீ, காபி. 'எனி ஹாட் ட்ரிங்க்ஸ், சார்?' என்று நீங்கள் கேட்டு, அவர் 'டீ, ப்ளீஸ்' என்றால் அவர்மேல் தப்பில்லை. பிராந்தி வகையறாவுக்குப் பொதுப்பெயர் 'ஸ்பிரிட்ஸ்'.

'சைட் டிஷ்' என்பது அவர்களுக்கு முக்கிய உணவோடு வரும் காய்கறி, உருளைக்கிழங்கு. மிளகாய்த்தூள் தூவிய வேர்க்கடலையும் நெத்திலி வறுவலும் வேண்டுமென்றால் 'பார் ஸ்நாக்ஸ்' என்பார்கள். பிரிட்டிஷ்காரர் 'நிபிள்ஸ்' என்றும் சொல்வார்.

'ஒயின் ஷாப் எங்கே?' என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். பிரிட்டிஷ்காரருக்கு அது 'ஆஃப் லைசென்ஸ்', செல்லமாக 'ஆஃபி'. அமெரிக்கருக்கு 'லிக்கர் ஸ்டோர்', ஆஸ்திரேலியருக்கு 'பாட்டில் ஷாப்' அல்லது 'பாட்டில்-ஓ'. வழி சொல்லும்போது ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துவிடுங்கள். இங்கே விலை மலிவு என்று வாங்கிய பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பார்க்கக் கிளம்புவார்கள். முள்ளோடை தாண்டினால் தமிழ்நாடு. கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் சங்கடம்தான்.

'டைட்' மட்டும் விசித்திரம். போதை ஏறியவரை 'டைட்' என்பது பழைய ஆங்கிலக் கொச்சையிலும் உண்டு. ஆனால் இன்றைய பிரிட்டிஷ் பேச்சில் அது பெரும்பாலும் கஞ்சனைக் குறிக்கும். விருந்தினரைச் சுட்டி 'ஹி இஸ் ஃபுல் டைட்' என்று சொல்லி வைக்காதீர்கள்.

படி 2: அளவு

இதில் தவறினால் பில்லில் சண்டை வரும், அதனால் கவனமாகப் படியுங்கள். நம்மிடம் ஸ்மால் பெக் 30 மில்லி, லார்ஜ் 60 மில்லி. 'பெக்' என்ற சொல் இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. பிரிட்டிஷ்காரர் 'சிங்கிள்', 'டபுள்' என்பார். அங்கே சிங்கிள் என்பது 25 அல்லது 35 மில்லி. அமெரிக்கரின் 'ஷாட்' சுமார் 44 மில்லி.

பீரில் குழப்பம் இன்னும் பெரிது. நம்மூரில் 'பைன்ட்' என்றால் 330 மில்லி சின்ன பாட்டில். பிரிட்டனில் பைன்ட் 568 மில்லி, அமெரிக்காவில் 473. பைன்ட் கேட்டவர் முன்னால் சின்ன பாட்டிலை வைத்தால், ஏமாற்றுகிறீர்களோ என்று பார்ப்பார். 'எ ஹாஃப், ப்ளீஸ்' என்று ஒரு பிரிட்டிஷ் பாட்டி கேட்டால் பதறாதீர்கள். அவர் கேட்பது அரை பைன்ட் பீர், 284 மில்லி. 375 மில்லி பிராந்தி பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

எதிலும் சந்தேகம் வந்தால் மில்லியில் கேட்டுவிடுங்கள். 'சிக்ஸ்டி மில், சார்?' என்பது பெரும்பாலானோருக்குப் புரியும்.

படி 3: ஆர்டர் எடுக்கும்போது காதில் விழுபவை

'ஆன் தி ராக்ஸ்' என்றால் ஐஸ் கட்டிகள் மேல் ஊற்றித் தர வேண்டும். 'எ ஸ்பிளாஷ் ஆஃப் வாட்டர்' என்றால் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர். டம்ளரை நிரப்பிவிடக் கூடாது. 'வித் எ ட்விஸ்ட்' என்றால் எலுமிச்சைத் தோல் சுருள். சோடா, டானிக், கோலா எல்லாம் 'மிக்சர்'; நம் காராபூந்தி மிக்சர் இல்லை. ஒன்றைக் குடித்த கையோடு பின்னாலேயே குடிப்பது 'சேசர்'.

'வெர்ஜின்' என்று முன்னால் வந்தால் அந்தக் காக்டெயிலில் மது இருக்கக் கூடாது. குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் கேட்கும் சொல் இது, மறந்துவிடாதீர்கள். 'டிரை ஒயின்' என்றால் இனிப்பில்லாத ஒயின். அக்டோபர் 2 அன்று நாம் சொல்லும் 'டிரை டே', அதாவது மது விற்காத நாள், வேறு. வெளிநாட்டவர் பலருக்கு அப்படியொரு நாள் இருப்பதே தெரியாது. முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

'ப்ளோங்க்' என்பது மலிவான ஒயினுக்குக் கேலிப்பெயர். முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் வெள்ளை ஒயினின் பிரெஞ்சுப் பெயரைச் சிதைத்ததில் பிறந்தது என்பார்கள். நம்மூரில் 'சான்தே' என்று கிளாஸை உயர்த்தும் பிரெஞ்சு விருந்தினர் முன்னால் அதைச் சொல்ல வேண்டாம்.

படி 4: போதையின் படிக்கட்டு

குடிபோதைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களுக்கு அளவே இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் 1737இல் தன் பத்திரிகையில் இருநூறுக்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்துப் போட்டார். அத்தனையும் உங்களுக்கு வேண்டாம், மூன்று படிகள் போதும்.

முதல் படி: 'பஸ்டு', 'டிப்ஸி', 'மெர்ரி'. லேசாக ஏறியிருக்கிறது, சிரிப்பு அதிகம், ஆபத்தில்லை. இரண்டாம் படி: 'ஹாமர்டு', 'ஸ்மாஷ்டு', 'பிளாஸ்டர்டு', 'வேஸ்டட்'. நம் பாஷையில் செம மப்பு. உடைப்பது, அடிப்பது, பூசுவது என எந்த வினைச்சொல்லையும் பிரிட்டிஷ்காரர் போதைக்கு ஆக்கிவிடுவார். தொனியை வைத்துப் பிடியுங்கள். மூன்றாம் படி: 'லெக்லெஸ்', 'பாஸ்டு அவுட்'. ஆள் மட்டை.

'த்ரீ ஷீட்ஸ் டு தி விண்ட்' என்றும் காதில் விழலாம். இங்கே 'ஷீட்' என்பது பாய்மரப் பாயை இழுத்துக் கட்டும் கயிறு. கயிறு அவிழ்ந்து பாய் படபடத்தால் படகு எப்படித் தள்ளாடும் என்று வீராம்பட்டினத்து மீனவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு சொற்களில் மட்டும் நாட்டைப் பாருங்கள். 'ஐ ஆம் பிஸ்டு' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் போதை. அமெரிக்கர் சொன்னால் கோபம். முன்னவருக்குத் தண்ணீர், பின்னவருக்கு மேனேஜர். 'ஐம் கோயிங் டு பி சிக்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் டாக்டரைத் தேடாதீர்கள், உடனே பக்கெட்டைத் தேடுங்கள்.

இந்தப் படியில் உள்ள எதையும் நீங்கள் வாயால் சொல்லக் கூடாது. விருந்தினர் தன்னையே 'ஹாமர்டு' என்று சொல்லிக்கொள்ளலாம். நாம் சொன்னால் அவமரியாதை. மேனேஜரிடம் சொல்லவும் 'ஹி ஹேஸ் ஹேட் எனஃப்' என்பது போதும்.

மறுநாள் காலைத் தலைவலி 'ஹேங்ஓவர்'. அதற்கு மருந்தாக இன்னொரு ரவுண்டு கேட்பது 'ஹேர் ஆஃப் தி டாக்'. கடித்த நாயின் முடியே மருந்து என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்தது.

படி 5: குடிக்காதவர்கள்

'டீடோட்டலர்' என்றால் டீ மட்டும் குடிப்பவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1830களில் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகர மதுவிலக்கு இயக்கத்தில் பரவிய சொல். 'டோட்டல்' என்பதன் முதல் எழுத்தை அழுத்திச் சொன்னதுதான் அந்த 'டீ'. 'ஆன் தி வேகன்' என்றால் குடியை நிறுத்தியிருக்கிறார். அவரிடம் ஹாப்பி ஹவர் பற்றிப் பேசி ஆசை காட்டாதீர்கள்.

'டெசிக்னேட்டட் டிரைவர்' என்றால் வண்டி ஓட்டுவதற்காகக் குடிக்காமல் இருப்பவர். வாடகை ஸ்கூட்டரில் வருபவர்கள் 'ஒன் ஃபார் தி ரோடு' என்று கடைசிக் கிளாஸ் கேட்பார்கள். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை விடுவார்கள். இந்தியாவில் எல்லை 30 மில்லிகிராம். முதல் தடவை சிக்கினாலே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. 'ஷல் ஐ கால் அன் ஆட்டோ, சார்?' என்ற வாக்கியத்தைச் சரளமாகச் சொல்லப் பழகுங்கள்.

படி 6: பில்

'மை ரவுண்ட்', ஆஸ்திரேலியரானால் 'மை ஷவுட்': இந்த முறை எல்லோருக்கும் இவர் காசு. 'புட் இட் ஆன் மை டேப்': கணக்கில் எழுதிக்கொள், கடைசியில் தருகிறேன். மூடும் நேரத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது 'லாஸ்ட் ஆர்டர்ஸ்'. அமெரிக்கருக்கு 'லாஸ்ட் கால்'.

இப்போது ஒரு பயிற்சி. மேசையில் இருவர். பிரிட்டிஷ் பெண் சொல்கிறார்: 'ஹி இஸ் எ பிட் மெர்ரி, ஐம் ஆன் தி வேகன். சோ எ டபுள், நீட், ஒன் வெர்ஜின் மொஹீடோ, அண்ட் சம் நிபிள்ஸ். மை ரவுண்ட்.' கீழே பார்க்காமல் ஆர்டரை எழுதிப் பாருங்கள்.

விடை: கூட இருக்கும் ஆணுக்கு 60 மில்லி (டபுளுக்கு நம்மிடம் இருப்பது லார்ஜ்தான்), எதுவும் கலக்காமல், எந்தச் சரக்கு என்று அந்த அம்மா சொல்லவே இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மது இல்லாத மொஹீடோ. கூடவே கடலை. பில் அம்மாவிடம்.