சில்லு மோட்டர் வயர்களைப் பிரித்தறிந்து பூட்டும் முறை

மின்சார சைக்கிளின் சில்லு மோட்டரிலிருந்து பெரும்பாலும் எட்டு வயர்கள் வரும். தடித்த மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் மோட்டரைச் சுழற்றும் பேஸ் வயர்கள். மெல்லிய ஐந்தும், மோட்டர் எந்த நிலையில் நிற்கிறதென்று அறியும் ஹோல் சென்சருக்குரியவை: சிவப்பு 5 வோல்ற், கறுப்பு நெகற்றிவ், மஞ்சள், பச்சை, நீலம் சென்சர் சிக்னல். மெல்லிய வெள்ளை ஒன்றும் வந்தால் அது வேகத்தையோ வெப்பத்தையோ அறிவதற்கு. அது இல்லாமலும் மோட்டர் ஓடும்.

நிறம் ஒன்றாயிருக்கிறதென்று மஞ்சளோடு மஞ்சளைப் பூட்டிவிட்டு உடனே அக்சிலேற்றரைத் திருகாதீர்கள். மோட்டரும், அதற்கு மின்னை அளந்து கொடுக்கும் கொன்ரோலரும் வெவ்வேறு இடத்தில் செய்தவையென்றால் நிறம் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மல்ரிமீற்றர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

முதலில் பற்றரியைக் கழற்றி, பேஸ் வயர்களைக் கொன்ரோலரிலிருந்து பிரியுங்கள். சில்லைத் தூக்கிக் கையால் சுற்றினால் இலகுவாகச் சுழல வேண்டும். இரண்டு பேஸ் வயர்களை ஒன்றோடொன்று தொடுத்துவிட்டுச் சுற்றினால் விட்டுவிட்டு இழுக்கும். மூன்று சோடியிலும் ஒரே அளவு இழுவை இருந்தால் சுருள் நல்லது. உள்ளே கியர் உள்ள சிறிய மோட்டர் என்றால் சில்லைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். முன்பக்கமாகச் சுற்றினால் மோட்டர் அசையாது, பழுதென்று தவறாக எண்ணிவிடுவீர்கள். எதையும் தொடுக்காமலே சில்லு இழுத்தால் மோட்டருக்குள்ளோ, வயர் வெளியேறும் அச்சுத் துளையிலோ சோர்ட் இருக்கிறது. கொன்ரோலரோடு பூட்டியபின் மட்டும் இழுத்தால் கொன்ரோலரில் மின்னைத் திறந்து மூடும் மொஸ்பெற் எரிந்திருக்கும்.

அடுத்தது ஹோல். பிளக்கைப் பூட்டியபடியே பற்றரியைக் கொடுத்து, பிளக்கின் பின்பக்கத்தால் குண்டூசியைச் செருகி அளவிடுங்கள். ஊசிகள் ஒன்றோடொன்று தொடக்கூடாது. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 5 வோல்ற் அளவில் காட்ட வேண்டும். பிறகு மீற்றரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலேயே வைத்துக்கொண்டு, மூன்று சிக்னலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சில்லை மெல்லச் சுற்றினால் மீற்றர் பூச்சியத்துக்கும் 5 வோல்ற்றுக்கும் மாறிமாறித் தாவும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்தச் சென்சரோ வயரோ போய்விட்டது. மூன்றுமே நின்றால் சிவப்பு, கறுப்பு வழியைத் தேடுங்கள். 36 வோல்ற் பற்றரி நிறையும்போது 42 வோல்ற் இருக்கும். அது தவறி இந்தச் சிவப்பில் பட்டால் மூன்று சென்சரும் ஒன்றாகப் போகும்.

இனிப் பொருத்தம். ஹோல் வயர்களை அசைக்காமல் பேஸ் வயர்களை மட்டும் ஆறு விதமாக மாற்றலாம். அதில் ஒன்றுதான் சரி. சில்லு நிலத்தில் படாமல் வைத்து, அக்சிலேற்றரை மெல்லத் திருகுங்கள். உறுமி நடுங்கினால் உடனே விடுங்கள். கவனமாயிருக்க வேண்டியது இன்னொரு இடத்தில்: ஓடுவதுபோல் ஓடி, அதிக மின்னை இழுக்கும் பொருத்தங்களும் உண்டு. பாரமில்லாமல் முழு வேகத்தில் சுற்றும்போது நல்ல பொருத்தம் ஓரிரண்டு அம்பியர் அளவே எடுக்கும். பல மடங்கு எடுத்தால் அது பொய். அப்படியே ஏறிப் போனால் மோட்டர் சூடாகிக் கொன்ரோலரையும் கெடுக்கும். அமைதியாக ஓடியும் பின்பக்கம் சுற்றினால், ஹோலில் இரண்டு சிக்னலை மாற்றிவிட்டு மறுபடி ஆறையும் பாருங்கள். சில கொன்ரோலரில் இந்தப் பொருத்தத்தைத் தாமாகக் கற்கும் சோடி வயர் இருக்கும். அதைச் சேர்த்தால் சில்லு தானாகச் சுற்றும், திசை பிழைத்தால் கழற்றி மீண்டும் சேருங்கள். இந்த வசதி இருந்தால் மேற்சொன்ன கஷ்டம் ஒன்றுமில்லை.

ஒன்பது பின் உள்ள நீர்புகாப் பிளக்கில் இரு பக்க அம்புக்குறிகளையும் நேராக்கி, முறுக்காமல் அழுத்துங்கள். முறுக்கினால் மெல்லிய பின் வளையும், பிறகு நிமிர்த்தினாலும் உடைந்துபோகும். பேஸ் வயர்கள் தனித்தனிப் புல்லற் (குண்டு வடிவ) பிளக்குகளில் வந்தால், மூன்றுக்கும் தனித்தனிச் சுருக்குக் குழாய் (சூடாக்கினால் இறுகுவது) போட வேண்டும்.

பரந்தன் முல்லைத்தீவு வீதியில் வட்டுவாகல் பக்கம் உப்புக்காற்றும், மாரியில் தெருவை மூடும் வெள்ளமும் பிளக்குக்குப் பகை. பின்கள் பச்சை பிடித்தால் ஹோல்தான் முதலில் தடுமாறும். வயர் அச்சிலிருந்து வெளியேறியதும் கீழே ஒரு வளைவு விட்டு மேலே கொண்டுபோங்கள்; தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், அச்சுத் துளைக்குள் ஓடாது. அச்சு நட்டு இளகினால் அச்சே சுழன்று வயரை அறுக்கும். தடித்த வயர் ஹோல் வயரில் பட்டால் கொன்ரோலரும் கூடவே போகும். எனவே அச்சுச் சுழலாமல் பிடிக்கும் டோர்க் ஆர்ம் பூட்டி, முதல் ஓட்டத்துக்குப் பிறகு நட்டை மறுபடி இறுக்குங்கள்.