நியூகிரேஞ்ச் கல்லறைக்குள் சூரியன்: கிரிட்டாவில் ஒரு கற்பனை ஓவியம்

குளிர்காலக் கதிர்த்திருப்பம் என்றதும் வானமெல்லாம் பொன்னிறத்தை அள்ளிப் பூசிவிடுகிறோம். ஆண்டின் மிக நீண்ட இரவு முடிகிற நேரம் அது. படத்தில் முக்கால் பங்கு இருட்டாக இருந்தால்தான் அந்த ஒளிக்கு மதிப்பு. இதைக் கற்க அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் போல வாகான இடம் வேறு இல்லை என்பேன்.

கி.மு. 3200 வாக்கில் எழுப்பிய கல்லறை மேடு அது. டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டும், வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பு வழியே காலை வெயில் நுழைந்து, 19 மீட்டர் நடைவழியைக் கடந்து உள்ளறைத் தரையைத் தொடும். சுமார் 17 நிமிடம்தான். அகழாய்வாளர் மைக்கேல் ஓ'கெல்லி 1967இல் உள்ளே காத்திருந்து இதைப் பார்த்தார்.

கற்பனைக்கு அயர்லாந்தின் புராணம் இருக்கிறது. தாக்தா என்ற கடவுள் சூரியனை ஒன்பது மாதம் அசையாமல் நிறுத்திவிட, போவன் என்ற பெண்தெய்வம் கருவுற்று, அந்த ஒரே பகலில் ஏங்கஸைப் பெறுகிறாள். கதை ஏட்டில் ஏறியது கிறிஸ்தவக் காலத்தில். தெய்வங்கள் அதற்கு முந்தியவர்கள். குழந்தையோடு போவன் அறைக்குள் நிற்பதை வரைவோம்.

1. இலவச ஓவிய மென்பொருளான கிரிட்டாவில் 3000 x 4000 பிக்சலில் நெட்டுவாக்கில் கேன்வாஸ் திறந்து, நீலம் கலந்த அடர்பழுப்பை நிரப்புங்கள். சுத்தக் கறுப்பு வேண்டாம். கல் இடுக்குகளுக்கு அது தேவைப்படும்.

2. நாம் நடைவழியில் நின்று உள்ளே பார்க்கிறோம். கோடுகள் எல்லாம் பின்சுவரில் ஒரே புள்ளியில் சேரட்டும். இருபக்கமும் நிற்கும் கற்பலகைகள் உயரத்திலும் சாய்விலும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கக் கூடாது. அறைக்கூரையில் ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டு மேலே குறுகிப்போகும்.

3. கூரை உயரம் ஏறக்குறைய 6 மீட்டர். அதனால் போவன் அதில் கால் பங்குக்குச் சற்று மேல். ஆளைப் பெரிதாக்கினால் அறையின் பிரம்மாண்டம் போய்விடும்.

4. இனி ஒளி. இங்கே நிதானமாக இருங்கள். புது லேயர் (மேலடுக்கு) எடுத்து, அதன் கலப்பு முறையை, கீழுள்ள நிறத்தை வெளிறவைக்கும் ஸ்கிரீனாக வையுங்கள். அறைத் தரையில் மட்டும் ஒரு மெல்லிய பட்டையைத் தேர்வு செய்து வெளிர்மஞ்சள் நிரப்புங்கள். ஓரம் கூர்மையாக இருக்கட்டும், தரை மேடுபள்ளமான இடத்தில் பட்டையும் வளையட்டும். அப்புறம் இன்னொரு லேயரில், மிருதுவான பெரிய பிரஷ்ஷால், தரையிலிருந்து எதிரொளித்து மேலேறும் ஆரஞ்சு நிறத்தை லேசாகத் தடவுங்கள். வெளிச்சம் கீழிருந்து வருவதால் போவனின் தாடைக்கு அடியிலும், குழந்தையைச் சுற்றிய துணியின் அடிமடிப்பிலும்தான் அது படும். உச்சந்தலை இருட்டில் இருக்கும். பலரும் பழக்கத்தில் நெற்றிக்கு வெளிச்சம் கொடுத்துவிடுகிறார்கள். படம் அங்கேதான் கெடுகிறது.

5. அறையின் பின்பக்க மாடத்தில், வலப்பக்கக் கல்லில், மூன்று சுருள்கள் இணைந்த புகழ்பெற்ற முச்சுழி இருக்கிறது. அதைத் தங்கமாக மின்னவிடாதீர்கள், அது கல்லில் கொத்திய பள்ளம். இருண்ட கோடாகப் போட்டு, பள்ளத்தின் மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய வெளிர்கோடு இழுங்கள்.

6. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய லேயரை கலர் என்ற கலப்பு முறையில் வைத்தால் படம் சாம்பல் நிறமாகத் தெரியும். தரைப் பட்டைதான் மிக வெளிச்சமான இடமா? ஆம் என்றால் சரி, அந்த லேயரை அணைத்துவிட்டுச் சேமிக்கலாம். இல்லையென்றால் பட்டையைத் தொடாதீர்கள், சுற்றியுள்ள கற்களை இன்னும் இருட்டாக்குங்கள்.