பலகைப் பெட்டிக்குள் ஓர் அன்யாங்: லி ஜியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி

சீனத் தொல்லியலின் தந்தை என்று சொல்லப்படும் லி ஜியின் வாழ்க்கையை ஆண்டுகளாக அடுக்கி ஒப்பித்தால், கோயில் தமிழ் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். 1896இல் ஹூபே மாகாணத்தில் பிறந்தார், 1923இல் ஹார்வர்டில் மானுடவியல் முனைவர் பட்டம் பெற்றார் என்ற இரண்டு செய்திகள் தொடக்கத்துக்குப் போதும். மற்றவற்றை, பழைய ஷாங் அரசின் தலைநகரான அன்யாங்கில் அவர் குழு தோண்டியதுபோல, ஒரு பெட்டியில் அடுக்கிய மண்ணைத் தோண்டிக்கொண்டே சொல்லலாம்.

மீன்தொட்டி வேண்டாம், மண்ணை இடிக்கும்போது கண்ணாடி விரிசல் விடும். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் பலகைப் பெட்டி செய்துகொள்ளுங்கள். முன்பக்கப் பலகைக்கு மட்டும் ஆணி அடிக்காமல் திருகு போடுங்கள், கடைசியில் அதைக் கழற்ற வேண்டும். நிரப்பிய பெட்டி 50 கிலோவுக்கு மேல் கனக்கும், ஆகவே வகுப்பு நடக்கும் இடத்திலேயே வைத்து நிரப்புங்கள். பர்மாவில் இதற்கு ஏற்ற காலம் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரங்கள். மே நடுவில் மழை பிடித்துவிட்டால் மண் காயாது.

அடுக்குகள் மூன்று, ஒவ்வொன்றும் 5 செ.மீ. அடுக்குக்கு 10 லிட்டர் வாளியில் ஒன்றரை வாளி மண் எடுங்கள், ஒரு பாதியை அதிகம் இடிக்க வேண்டிய மேலடுக்குக்கு மட்டும் இரண்டு வாளி. இடித்தபின் 12 லிட்டராகக் குறுகும். அடியில் மௌலமியைன் பக்கத்துச் செம்மண், நடுவில் உமிச்சாம்பல் கலந்த மண், மேலே களிமண். ஒவ்வொன்றையும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் கூடினால் அடுக்குகள் ஒன்றோடொன்று குழம்பும், குறைந்தால் சுவர் சரியும்.

அடியடுக்கில் கறுப்புக் கோடு வரைந்த சிவப்புப் பானை ஓடுகளையும், நடுவில் புகையில் கறுக்கவைத்த ஓடுகளையும், மேலே கீறல் போட்ட சிரட்டைத் துண்டுகளையும் புதையுங்கள். 1931இல் அன்யாங்கின் ஹௌகாங் மேட்டில் லி ஜியின் சகா லியாங் சியோங் கண்ட வரிசை இதுதான்: கீழே வண்ணப் பானை செய்த யாங்ஷாவோ பண்பாடு, நடுவே கறுப்புப் பானை செய்த லோங்ஷான் பண்பாடு, மேலே ஷாங். எது முந்தியது என்ற வழக்கை அந்த ஒரே மேடு தீர்த்துவைத்தது. சிரட்டைக் கீறல், ஷாங் மன்னர்கள் குறி கேட்ட ஆமையோட்டு எழுத்துக்குப் பதிலாக. அன்யாங்கில் 1936இல் ஒரே குழியில் அப்படிப்பட்ட 17,096 துண்டுகள் கிடைத்தன.

மேலடுக்கின் இடப்பாதியில் ஒரு பொறி வைக்க வேண்டும். களிமண்ணை 2 செ.மீ. பரப்பி, 3 செ.மீ. விட்டமுள்ள உருட்டுக் கட்டையைத் திமிசுபோல் பிடித்து, 1 செ.மீ. ஆகும்வரை இடியுங்கள். மேலே ஒரு சிட்டிகை சாம்பல் தூவி அடுத்ததைப் பரப்புங்கள். இப்படி ஐந்து தடவை. சாம்பலை மறந்தால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், குழிவுகள் தெரியாது. தோண்டும்போது வட்டக் குழிவுகளைப் பார்த்துப் பிள்ளைகள் பெரும்பாலும் தண்ணீர் தேங்கிய தடம் என்பார்கள். திருத்தாதீர்கள், எழுதவிடுங்கள். அன்யாங்கில் முதல் சில அகழாய்வுப் பருவங்களில் ஆய்வுக் குழுவே இப்படித்தான் வெள்ளம் என்று நினைத்தது. அது அரண்மனை அடித்தளத்துக்கு இடித்து இறுக்கிய மண் என்று பின்னர்தான் தெளிந்தது. அறிஞர்களும் இதே இடத்தில் சறுக்கினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் லி ஜியைப் பாதிதான் சொன்னதாகும்.

வலப்பாதியில் மேலிருந்து அடியடுக்குவரை 8 செ.மீ. அகலக் குழி தோண்டி, பாதியாக நறுக்கிய வேர்க்கடலை ஓட்டை அடியில் போட்டு, மூன்று மண்ணும் கலந்து மூடுங்கள். அது என்னவென்று பிறகு.

தோண்டும்போது பெட்டியின் நடுவில் 4 செ.மீ. குறுக்குச்சுவரை விட்டுவிட்டு, இருபக்கமும் அடுக்கடுக்காக இறங்க வேண்டும். கரண்டியைவிட மூங்கில் குச்சியும் 2 அங்குலப் பெயிண்ட் பிரஷும் நல்லவை. இரும்பு ஓட்டைக் கீறும். எதையும் அளக்காமல் எடுக்கக்கூடாது. 1926இல் ஷான்ஷி மாகாணத்து ஷியின் கிராமத்தில், சீனர் ஒருவரே முன்னின்று நடத்திய முதல் அறிவியல் அகழாய்வில், லி ஜி கையாண்ட மும்முனைப் பதிவு இதற்குப் போதும்: இடச்சுவரிலிருந்து தூரம், முன்சுவரிலிருந்து தூரம், மேலே கட்டிய மட்டக் கயிற்றிலிருந்து ஆழம். ஆழத்தை மண்பரப்பிலிருந்து அளப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. தோண்டத் தோண்டப் பரப்பு இறங்கும், கயிறு இறங்காது. கயிறு தொய்ந்தாலும் கணக்கு கெடும், அடிக்கடி முறுக்குங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதி ஓட்டோடு பையில் போடுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும். கழுவுவது அதற்குப் பிறகு.

வேர்க்கடலை ஓடு அகப்பட்டதும் அதுதான் எல்லாவற்றிலும் பழையது என்று எழுதிவிடுவார்கள். இப்போது முன்பலகையைக் கழற்றிக் குறுக்குவெட்டைக் கத்தியால் மெல்லச் சீவுங்கள், குழியின் விளிம்பு தெரியும்வரை. பின்னால் மேலிருந்து வெட்டிய குழி வழியாகத்தான் ஓடு அடிக்குப் போனது என்று அப்போது புரியும். குழியைத் தோண்டி முடித்துவிட்டால் விளிம்பே இருக்காது. அதனால் குழியில் பாதியை மட்டும் முன்சுவர் ஓரமாக விட்டுவைக்க முன்பே சொல்லிவையுங்கள். ஷியினில் லி ஜிக்குக் கிடைத்த வெட்டுப்பட்ட பட்டுக்கூட்டின் கதையை இங்கே சொல்லுங்கள். அது புகழ்பெற்றது, மேலடுக்கிலிருந்து இறங்கியிருக்குமோ என்ற ஐயமும் கூடவே வந்தது.

பழைய காசு, உடைந்த செங்கல் என்று யாராவது வீட்டிலிருந்து கொண்டுவந்தால் பெட்டியில் சேர்க்க வேண்டாம். ஸ்ரீ க்ஷேத்ரா போன்ற பர்மாவின் பழைய பியூ நகரங்களின் பக்கம் கிடைத்ததாகச் சொன்னால், எடுத்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறையிடம் சொல்லச் சொல்லுங்கள். அகழ்ந்தவர் தமக்கென்று பழம்பொருள் சேர்க்கக்கூடாது என்பது லி ஜியும் சகாக்களும் வகுத்துக்கொண்ட விதி.

மிச்ச வாழ்க்கையை மண்ணை அள்ளி வாளியில் போடும்போது சொல்லலாம். 1937இல் போர் வந்து அன்யாங் வேலை 15ஆம் பருவத்தோடு நின்றது. லி ஜி வேலைபார்த்த ஆய்வு நிறுவனம் அகழ்ந்த பொருள்களின் பெட்டிகளோடு குன்மிங் போனது; நம் லாஷியோவிலிருந்து போகும் பர்மா சாலை முடியும் ஊர் அது. பிறகு சிச்சுவானின் லிஜுவாங். அந்த அலைச்சலில் லி ஜி இரண்டு மகள்களை இழந்தார். 1949இல் தைவான் பல்கலைக்கழகத்தில் தொல்லியல், மானுடவியல் துறையைத் தொடங்கினார். 1979இல் தைபேயில் மறைந்தார்.