இரண்டு கொப்பிகள்: ஊர் வரலாறும் கதையும் எழுத வருபவர்களுக்கு

போன மாதம் திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள். முதுதத்துவமாணி முடித்துவிட்டுத் தமிழ்த்துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்திருக்கிறாள். "சேர், ஊர் வரலாறும் எழுத வேணும், கதையும் எழுத வேணும். எதில தொடங்குறது?" என்று கேட்டாள். முப்பது வருடம் தமிழ் படிப்பித்துக்கொண்டே இரண்டையும் எழுதியவன் நான். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் இரண்டு கொப்பி வாங்குங்கள். ஒன்றில் கண்ணால் கண்டதும் வாசித்ததும் மட்டும். எந்த இடம், எந்தப் பக்கம், எந்தத் திகதி என்ற குறிப்போடு. மற்றதில் காதால் கேட்டதும் மனதில் தோன்றியதும். ஒரே கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினால் ஐந்து வருடம் கழித்து எது கண்டது, எது கேட்டது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

கொப்பிகளோடு திருகோணமலையில் இருக்கும் பிரெடெரிக் கோட்டை வாசலுக்குப் போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் அந்த வாசலால்தான் நுழைகிறோம். போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து, அதன் கற்களையும் வைத்துக் கோட்டை கட்டினார்கள். வாசலில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. ஊரில் யாரைக் கேட்டாலும் 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கி முழு வெண்பாவையும் சொல்வார்கள். குளக்கோட்டன் கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன். பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், வருவான், பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று ஆள வருபவர்களை வரிசையாகச் சொல்லும் பாட்டு. சொல்பவருக்குச் சொல்பவர் ஒரு சொல் மாறும். கல்லிலோ அந்த முழுப் பாட்டு இல்லை. உடைந்த சில வரிகள்தான் மிச்சம்.

முதல் கொப்பியில் கல்லில் தெரியும் எழுத்தை மட்டும் எழுதுங்கள். தெரியாத இடத்தில் புள்ளி வையுங்கள். பாட்டு மனப்பாடம் என்பதால் கை தானாக நிரப்பப் பார்க்கும், விடாதீர்கள். இரண்டாவது கொப்பியில் முழுப் பாட்டையும், சொன்னவர் யார், எந்த ஊர், எத்தனை வயது, யாரிடம் கேட்டுப் படித்தார் என்பதையும் எழுதுங்கள். கட்டுரை எழுதும்போது இந்தப் பாட்டு, கோயிலை இழந்த மக்கள் அந்த இழப்பை எப்படி மனதில் வைத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று. நாவலில் அதையே ஓர் ஆச்சியின் வாயில் முழுதாக வைக்கலாம்; அங்கே அது அவருடைய நம்பிக்கை. இந்த வேறுபாடு கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மொழி படித்தவர்களுக்கு இன்னொரு வசதி, ஊர்ப்பெயர்கள். நிலாவெளி, குச்சவெளி, உப்புவெளி என்று வடக்கே வரிசையாக வெளிகள். திருகோணமலை, கட்டுக்குளம், தம்பலகாமம், கொட்டியாரம் என்று நான்கு பற்றுகள், அதாவது பழைய நிலப் பிரிவுகள். பெயரைப் பிரித்துப் பொருள் சொல்லும் ஆசை நமக்கு உடனே வந்துவிடும். உவர்மலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில். ஓசை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டில் எது மூத்தது என்று தீர்ப்பு எழுதாதீர்கள். பழைய வரைபடம், பழைய காணி உறுதி, கோயில் கணக்கு எதில் எந்தப் பெயர் முதலில் வருகிறது என்று தேடுங்கள். வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் உறுதிகளில் எல்லை சொல்லும் வரிகள் ஒரு புதையல். அழிந்துபோன குளமும் ஒழுங்கையும் அங்கேதான் உயிரோடு இருக்கின்றன. ஒல்லாந்தர் கால ஆவணங்கள் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். ஒரு நாளில் ஆகாது, தங்க இடம் பார்த்துக்கொண்டு போங்கள்.

வயதானவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். பாவம், அவர்கள் உங்களைச் சமாதானப்படுத்த ஒரு வருடம் சொல்லிவிடுவார்கள். "யப்பான்காரன் குண்டு போட்டதுக்கு முன்னமா, பிறகா?" என்று கேளுங்கள். அது 1942 ஏப்ரல் 9. "புயலடிக்கேக்க உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சிட்டுதா?" அது 1964 டிசம்பர். கந்தளாய்க் குளம் உடைந்தது 1986, கடல் வந்தது 2004. இப்படி நாலைந்து முளை அடித்துவிட்டால் ஒரு வாழ்க்கையை அதில் கட்டிவிடலாம். தொழில் சொற்களையும் அப்போதே பிடியுங்கள். கரைவலைக்காரர் வாடியில், அதாவது கடற்கரைக் கொட்டிலில், இருந்து கதைக்கும்போது வருகிற காற்றின் பெயர்கள் எந்த அகராதியையும் விட உங்கள் நாவலுக்கு உதவும்.

வேலை உயர்வைப் பற்றியும் கேட்டாள். ஆய்விதழில் வரும் கட்டுரை அதற்கான புள்ளிக்குச் சேரும். அதனால் ஒரே களவேலையிலிருந்து முதலில் கட்டுரையை எழுதிவிடுங்கள், அப்புறம் கதை. நான் காலையில் விரிவுரைக்கு முன் ஒரு மணித்தியாலம் கதைக்கு ஒதுக்கினேன். பரீட்சைத் தாள் திருத்தும் மாதங்களில் அதுவும் நடக்காது. சரி, பரவாயில்லை.

கதை எங்கே தொடங்க வேண்டும்? ஆவணம் முடிகிற இடத்தில். 1660இல் கொட்டியாரத்தில், ஆங்கிலக் கப்பலில் வந்த றொபேட் நொக்ஸ் பிடிபட்டார். பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பி, 1681இல் இலண்டனில் புத்தகம் வெளியிட்டார். அவருடைய பக்கம் நமக்குத் தெரியும். அன்று கரையில் நின்று அந்தக் கப்பலைப் பார்த்த கொட்டியாரத்துச் சனங்கள் என்ன நினைத்தார்கள்? அவர்களைப் பற்றி எழுதத்தான் நாவல் வேண்டும். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் மோகனாங்கியை 1895இல் எழுதிய சரவணமுத்துப்பிள்ளை நம் திருகோணமலைக்காரர். ஆனால் அவர் களமாக எடுத்தது நாயக்கர் காலத் தமிழகத்தை. நம் கரையின் கதை நமக்காகக் காத்திருக்கிறது என்று நான் அதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். தம்பலகாமத்தில் ஓர் அக்கா, 1990இல் இடம்பெயர்ந்தபோது நின்றுபோன தன் கலியாணத்தைப் பற்றிச் சொன்னார். பெயரை மட்டும் மாற்றிக் கதையாக்கினேன். கிணற்றடியையும் அவர் தைத்த சட்டையின் நிறத்தையும் அப்படியே விட்டுவிட்டேன். ஊரே கண்டுபிடித்துவிட்டது. அவர் அதன்பிறகு என்னோடு கதைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோது கதவு திறக்கவில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஊர், தொழில், குடும்பம் மூன்றையும் மாற்றுவேன். அச்சுக்குக் கொடுக்குமுன் உரியவருக்கு வாசித்துக் காட்டுவேன். வேண்டாம் என்றால் அந்தக் கதை கொப்பியிலேயே இருக்கும்.

புத்தகம் போடும்போது 300 பிரதிக்கு மேல் அடிக்காதீர்கள். கட்டிலுக்குக் கீழே கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' இணையத்தளத்துக்கு ஒரு பிரதி அனுப்பி, வாசிக்க அனுமதியும் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அதில்தான் தேடுகிறார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு, "முதல்ல யாரிட்டப் போறது சேர்?" என்றாள். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதுவரை எல்லாரும் பாதையில்தான், அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவையில்தான், ஏறி இறங்கினார்கள். பாதையில் வேலை செய்தவர்கள் யார் யார், அவர்கள் வீடு எங்கே என்று உன் மூத்தம்மாவிடம் கேள், நாளைக்கே போ என்றேன். பஸ் ஏறுமுன் கடைக்குப் போய் இரண்டு கொப்பி வாங்கிக்கொண்டாள்.